பேர் போடாத முகங்கள்

பத்தொன்பதாம் நூற்றாண்டுத் தமிழ்நாட்டைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் இப்போது புகைப்படத்தைத் தேடிப் போகிறார்கள். கல்வெட்டு வெட்டச் சொன்னவனுக்காகப் பேசும், ஓலை எழுதியவனுக்காகப் பேசும், கலெக்டர் ரிப்போர்ட் கலெக்டருக்காகப் பேசும். காமிரா மட்டும் இருந்ததை இருந்தபடி பிடித்து வைத்திருக்கிறது என்று ஒரு நம்பிக்கை. எனக்கு அந்த நம்பிக்கை கிடையாது. அதுக்காகப் படங்களைத் தூக்கிப் போடணும்னும் நான் சொல்லல. காமிராவை யார் கொண்டுவந்தான், எங்கே நிறுத்தினான், யாருக்குக் காட்ட எடுத்தான், படத்தில் நிற்கிறவன் கைக்கு அதில் ஒரு பிரதியாவது போய்ச் சேர்ந்ததா – இதெல்லாம் கேட்காமல் ஒரு படத்தை ஆவணம் என்று எடுத்துக்கொண்டால், எடுத்தவன் கண்ணைத்தான் நாம் வாங்கி மாட்டிக்கொள்கிறோம்.

பரமத்தி வேலூர்ப் பக்கம் பெரிய தோட்டக்காரர் வீடுகளில் திண்ணையைத் தாண்டி உள்ளே போக முடிந்தால் (நம்மால் முடிந்தால்) ஆசாரத்துச் சுவரில் முப்பாட்டன் படம் மாட்டியிருக்கும். தலைப்பாகை, மூடின கோட்டு, கைத்தடி, பக்கத்தில் ஒரு முக்காலி, அதன் மேல் பூச்சாடி. கீழே பேரும் வருசமும். எங்கள் வளவில் அப்படி ஒன்றும் கிடையாது. எங்க அப்பாருவைப் பெத்தவர் கறுப்பா, மாநிறமா, நெட்டையா, குட்டையா – சொல்ல ஆள் இல்ல, காட்டப் படமும் இல்ல. வளவில் தேடிப் பார்த்ததில் ஆகப் பழைய படம் 1960களில் ஒரு கல்யாணத்துக்கு எடுத்தது. அதற்கு முன்னால் நாங்கள் இருந்ததற்குப் படச் சாட்சி கிடையாது.

ஆனா நம்ம ஜனத்தை அந்தக் காலத்தில் யாரும் படமே பிடிக்கலைன்னு நினைச்சுக்காதீங்க. நிறையப் பிடிச்சாங்க. பேர்தான் போடல.

பாரிசில் தாகேர் தன் படப் பெட்டியின் ரகசியத்தை வெளியிட்டது 1839. ஒன்றிரண்டு வருசத்துக்குள் அது கல்கத்தாவுக்குக் கப்பலேறி வந்துவிட்டது. சென்னையில் 1856இல் போட்டோகிராபிக் சொசைட்டி உண்டானது. சென்னையில் கைத்தொழில் பள்ளியை ஆரம்பித்த டாக்டர் அலெக்சாண்டர் ஹண்டர் அதில் முக்கியமானவர். அதே வருசம் லின்னேயஸ் டிரைப் என்ற ராணுவ அதிகாரியை சென்னை அரசாங்கம் தன் சொந்தப் போட்டோக்காரராக வைத்துக்கொண்டது. 1857 கடைசியில் அவர் கிளம்பி ஸ்ரீரங்கம், திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், மதுரை என்று சுற்றினார். சேலம் ஜில்லாவுக்கும் வந்தார். ராயக்கோட்டையும் சேலம் ஜில்லாவின் வேறு சில இடங்களும் என்று தலைப்பிட்ட அவருடைய படத் தொகுதி 1858இல் வெளியானது. இன்றைக்கு ராயக்கோட்டை கிருஷ்ணகிரி மாவட்டம். அன்றைக்கு அதுவும் நாமக்கல்லும் பரமத்தியும் ஒரே ஜில்லா.

டிரைப்பின் படங்கள் அழகானவை, மறுக்கவில்லை. மலை, மலை மேல் கோட்டை, சாலை, மரம், கோபுரம். ஆள்? அநேகமாக இல்லை. நின்றாலும் கட்டிடத்தின் உயரத்தைக் காட்ட நிறுத்தி வைத்த அளவுகோல் மாதிரி. இதற்கு ஒரு தொழில்நுட்பக் காரணம் உண்டு. டிரைப் பெரும்பாலும் மெழுகு ஏற்றின காகிதத்தில் நெகடிவ் எடுத்தார். அதில் உருவம் விழ நிமிசக் கணக்கில் ஆகும். நிற்கிறது விழும், நடக்கிறது விழாது. மலை நிற்கும், கோபுரம் நிற்கும். கடப்பாரை பிடித்துக் குத்துகிறவனும் கூடை சுமந்து நடக்கிறவளும் நிற்க மாட்டார்கள். படத்தில் ஒரு புகை மாதிரிக் கலைந்து போவார்கள், அல்லது அதுவும் இல்லாமல் போவார்கள். ஆக, ஆரம்ப காலக் காமிராவின் முன்னால் வேலை செய்கிறவன் கண்ணுக்குத் தெரியாதவன். சும்மா இருக்கிறவனுக்குத்தான் உருவம் கிடைத்தது.

அதே 1858இல் சென்னை ராஜதானியில் இன்னொன்றும் நடந்தது. அந்த வருசத்து முதலாவது சட்டம். வெள்ளம் வந்து கரை உடையும் அபாயம் இருந்தால் ஊர்க் கூலியாட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம், பாசன வேலைகளில் வழக்கமாகச் செய்து வருகிற உழைப்பையும் சட்டப்படி வாங்கலாம் என்று எழுதி வைத்தார்கள். எங்க பக்கம் ஜேடர்பாளையத்திலிருந்து வருகிற ராஜவாய்க்கால் இருக்கிறது. வேலூர் வெற்றிலைக் கொடிக்காலும் வாழையும் அதை நம்பித்தான். வெட்டியவர் அல்லாள இளைய நாயக்கர் என்று ஊரே சொல்லும், அவருக்குச் சிலையும் உண்டு. அவர் கையால் ஒரு கூடை மண் எடுத்தாரா என்று கேட்டால் நம்மைத்தான் முறைப்பார்கள். வெட்டியவன், வருசா வருசம் சேற்றில் இறங்கித் தூர் வாரியவன் யார் என்று எல்லோருக்கும் தெரியும். சட்டத்தில் அவன் 'கூலியாள்' என்று இருக்கிறான். அதே வருசத்துப் படத் தொகுதியில் அவன் இல்லை.

தஞ்சாவூர்ப் பெரிய கோயிலில் டிரைப் செய்த ஒரு காரியத்தையும் சொல்லணும். விமானத்தின் அடித்தளத்தில் சுற்றி ஓடும் கல்வெட்டை ஒவ்வொரு துண்டாக எடுத்து, 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்துக்கு ஒரே படமாக ஆக்கினார். கல்லில் ஒரு எழுத்து விடாமல் பதிய வேண்டும் என்று அந்தப் பாடு. 1939 வரைக்கும் நம்ம ஆள் கால் வைக்க முடியாத பிராகாரத்தில் காமிரா முக்காலி போட்டு நின்றது. காமிராவுக்குத் தீட்டு இல்லை. கொஞ்ச நாளில் சர் சார்லஸ் டிரெவெல்யன் கவர்னராக வந்து, அரசாங்கத்துக்கு இது கட்டுபடியாகாத ஆடம்பரம் என்று போட்டோ இலாகாவையே மூடிவிட்டார். அது வேற கதை.

1857 கலகத்துக்குப் பிறகு வெள்ளைக்காரனுக்கு மலையும் கோட்டையும் போதவில்லை. ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. யாரை நம்பலாம், யார் திரும்பி அடிப்பான், யார் திருடுவான் என்று இனம் பிரித்துத் தெரிய வேண்டியிருந்தது. அப்படி வந்ததுதான் 'இந்திய மக்கள்' என்ற எட்டுத் தொகுதி. ஃபோர்ப்ஸ் வாட்சனும் கேயும் தொகுத்தது, 1868லிருந்து 1875 வரை. 450க்கும் மேற்பட்ட படங்கள், ஒவ்வொரு படத்துக்கும் சாதி அல்லது இனத்தின் பேர், கீழே குணவிளக்கம்: இவன் நாணயமானவன், இவன் சோம்பேறி, இவன் குடிகாரன். போட்டது 200 பிரதி. அதில் பாதி அரசாங்கத்துக்கு. தமிழ்நாட்டுப் பக்கம் அதில் குறைவு என்றாலும், அது போட்ட தடம் எல்லாப் பக்கமும் நீண்டது. ராஜா, ஜமீன்தார் என்றால் ஆளின் பேர். நம்மவன் என்றால் சாதியின் பேர். ஒருத்தனைப் பார்த்தால் எல்லோரையும் பார்த்த மாதிரி என்பது அதன் கணக்கு. கோழி, கொக்கு படத்துக்குக் கீழே எழுதுவது மாதிரி.

சென்னை மியூசியத்தில் 1885 முதல் 1908 வரை சூப்பரின்டெண்டாக இருந்த எட்கர் தர்ஸ்டன் இதை இன்னும் முறைப்படுத்தினார். காமிராவோடு மூக்கை அளக்கும் கருவியும் போனது. அதிலிருந்து வந்ததுதான் 1909இல் ஏழு தொகுதியாக வெளியான தென்னிந்தியச் சாதிகள், பழங்குடிகள் பற்றிய புத்தகம். ரங்காச்சாரி கூட இருந்து உதவினார். இன்றைக்கும் சாதிச் சங்கம் நடத்துகிறவன் முதற்கொண்டு ஆராய்ச்சி மாணவன் வரை அதைத்தான் புரட்டுகிறான். வயநாட்டுப் பணியப் பெண்கள், தங்களில் நல்ல உடம்புக்காரிகளைப் பிடித்துப் பஞ்சடைத்துச் சென்னை மியூசியத்தில் வைக்கப் போகிறான் இவன் என்று பயந்ததாக அவரே பதிவு செய்திருக்கிறார், வேடிக்கையாக. எனக்கு வேடிக்கையாகத் தெரியல. கண்ணாடிப் பெட்டிக்குள் வைப்பதற்காகத்தான் வந்திருக்கிறான் என்பதை அந்தப் பெண்கள் அவருக்கு முன்னாலேயே புரிந்துகொண்டார்கள். "படம் புடிச்சா ஆயுசு கொறையும்"னு நம்ம பெரியவங்க சொன்னதை மூடநம்பிக்கைன்னு சிரிக்கிறோம். காமிராவோட கூட வந்தது என்னென்ன? நிலம் அளக்கும் சங்கிலி, மூக்களக்கும் கருவி, போலீஸ் ரிஜிஸ்தர். பயந்தவன் முட்டாள் இல்ல.

இனி தாது வருசப் பஞ்சம். 1876லிருந்து 1878 வரை. பிரிட்டிஷ் இந்தியாவில் 50 லட்சம் பேருக்கு மேல் செத்தார்கள். சேலம் ஜில்லா மிக மோசமாக அடிபட்ட ஜில்லாக்களில் ஒன்று. 1871 கணக்கெடுப்பில் ஜில்லாவின் ஜனத்தொகை சுமார் 19 லட்சத்து 67 ஆயிரம். 1881இல் சுமார் 16 லட்சம். பத்து வருசத்தில் ஜனம் பெருகியிருக்க வேண்டும். அதற்குப் பதில் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்திருக்கிறது. செத்தவர்கள், ஓடிப் போனவர்கள், பிறக்காமலே போனவர்கள். முதலில் விழுந்தவர்கள் நிலமில்லாத கூலிகள். அதில் எந்தத் தெரு ஆட்கள் அதிகம் என்று நான் சொல்லத் தேவையில்லை.

1877 ஜனவரி 1ஆம் தேதி டெல்லியில் விக்டோரியாவுக்கு மகாராணிப் பட்டம் சூட்டி தர்பார். போர்ன் அண்டு ஷெப்பர்டு கம்பெனி போய்ப் படம் எடுத்தது. அதே மாதம் சர் ரிச்சர்டு டெம்பிள் சென்னை ராஜதானிக்கு வந்து நிவாரண வேலைக் கூலியைக் குறைத்தார்: நாள் முழுக்கக் கல் உடைக்கிற ஆம்பளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும். ஒரு ராத்தல் என்றால் அரைக் கிலோவுக்கும் குறைவு. இதைத் தின்று வேலை செய்தால் ஆள் சாவான் என்று சுகாதாரக் கமிஷனர் டாக்டர் கார்னிஷ் எதிர்த்து எழுதினார். சில மாதம் கழித்துக் கூலியைக் கொஞ்சம் ஏற்றினார்கள்.

இந்தப் பஞ்சத்தைப் படம் எடுத்தவர் வில்லோபி வாலஸ் ஹூப்பர், சென்னைக் குதிரைப் படை அதிகாரி. இதற்கு முன்னால் புலி வேட்டையை நாடகம் மாதிரி அமைத்து வரிசையாகப் படம் எடுத்தவர். பின்னால் 1886இல் பர்மாவில் கைதிகளைச் சுட்டுக் கொல்லும் அந்தக் கணத்தைப் பிடிக்கக் காமிராவோடு நின்று, அதற்காக விசாரணைக்கு உள்ளானவர். பஞ்சப் படங்களில் அவர் கூட்டம் கூட்டமாக உட்கார வைத்திருக்கிறார். குழந்தைகள் முன்னால், பெண்கள் நடுவில், ஆண்கள் பின்னால். பள்ளிக்கூடத்தில் குரூப் போட்டோ எடுப்போமே, அதே வரிசை. எலும்பு மேல் தோல். வயிறு உள்ளே போயிருக்கும், மூட்டு மட்டும் பெரிசாக இருக்கும்.

அன்றைய முறை ஈரத் தகடு. கண்ணாடித் தகட்டில் மருந்து பூசி, அது காய்வதற்குள் படம் எடுத்து, காய்வதற்குள் இருட்டுக் கூடாரத்தில் கழுவி முடிக்க வேண்டும். கால் மணி நேரத்துக்குள் எல்லாம் ஆக வேண்டும். பெட்டி, கண்ணாடி, மருந்துப் புட்டி, கூடாரம் எல்லாவற்றையும் கூலியாள் சுமக்க வேண்டும். தகட்டைக் கழுவச் சுத்தமான தண்ணீர் வேண்டும், கொஞ்சமல்ல. குடிக்கத் தண்ணியில்லாம ஜனம் செத்துக்கிட்டிருந்த ஊர்ல, அவங்க படத்தைக் கழுவத் தண்ணி கிடைச்சிருக்கு. தகடு ஏற்கிற அந்த சில நொடிக்கு ஆடாமல் அசையாமல் இருக்கச் சொல்வார்கள். இந்த உடம்புகளுக்கு அதைச் சொல்ல வேண்டியதே இருந்திருக்காது.

தலைப்புகளில் 'கைவிடப்பட்டவர்கள்' என்று ஒன்று. இலவச நிவாரணத்துக்குத் தகுதியானவர்கள் என்ற பொருளில் இன்னொன்று. தகுதி! அன்றைய பத்திரிகை அச்சில் புகைப்படத்தை அப்படியே போட முடியாது. லண்டனில் ஒருத்தன் உட்கார்ந்து மரக்கட்டையில் பார்த்துச் செதுக்குவான், அதுதான் அச்சாகும். அப்படித்தான் அங்கே இருந்தவர்கள் இந்த முகங்களைப் பார்த்தார்கள். வில்லியம் டிக்பி 1878இல் பஞ்சத்தைப் பற்றி இரண்டு தொகுதி எழுதினார். அரசாங்கம் மறைக்கப் பார்த்ததை எழுதியவர்களில் அவர் ஒருவர், அந்த மரியாதை அவருக்கு உண்டு. ஆனாலும் முகங்களுக்குப் பேர் அங்கேயும் இல்ல.

இந்தப் படங்களை இனி எங்கேயும் போடவே கூடாது, அவமானம் என்று தோழர்கள் சிலர் சொல்கிறார்கள். நான் ஒத்துக்கொள்ளவில்லை. மூன்றரை லட்சம் என்ற எண்ணை வாசித்துவிட்டுப் போய்விடலாம். ஒரு தாயின் மடியில் கிடக்கும் அந்தப் பிள்ளையை அப்படித் தாண்ட முடியாது. ஆனால் நம் பத்திரிகைகளே இந்தப் படங்களை எடுத்து 'ஒடுக்கப்பட்டோர் துயரம்' என்று அட்டையில் போடும்போது, எந்த வருசம், யார் எடுத்தது என்ற ஒரு வரிகூடப் போடுவதில்லை. ஹூப்பர் போட்ட தலைப்புக்கும் இதுக்கும் என்ன வித்தியாசம்?

முகமும் பேரும் சேர்ந்து கிடைக்கிற இடம் ஒன்று உண்டு. அது கடலுக்கு அப்பால். ஒப்பந்தக் கூலிகளாக மொரிசியசுக்குப் போன நம்மவர்களை அங்கே அரசாங்கம் படம் எடுத்தது. 1867இல் ஒரு சட்டம் போட்டு, ஒப்பந்தம் முடிந்து சொந்தமாக நடமாடுகிறவன் தன் போட்டோ ஒட்டிய சீட்டைக் கையில் வைத்திருக்க வேண்டும் என்றார்கள். இல்லாமல் ரோட்டில் அகப்பட்டால் ஊர்சுற்றி என்று ஜெயில். ஆக, உலகத்தில் முதன்முதலாகத் தன் படத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்த கூலிகளில் நம்மவர்களும் உண்டு, ஆசைப்பட்டு அல்ல. 1871இல் அடோல்ஃப் டி பிளெவிட்ஸ் என்ற வெள்ளைக்காரர் துணை நிற்க, 9401 பேர் இந்தக் கொடுமைகளை எதிர்த்து மனுப் போட்டார்கள். விசாரணைக் கமிஷன் வந்தது.

அந்தப் படங்களும் பதிவேடுகளும் இன்றைக்கும் மொரிசியசில் மோக்கா என்ற ஊரில் மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன. பதிவேட்டில் பேர், தகப்பன் பேர், வயசு, சாதி, ஊர், ஜில்லா, வந்த கப்பல். அங்கே பிறந்த கொள்ளுப் பேரன் போய்க் கேட்டால் பாட்டனின் முகத்தைப் பார்க்க முடியும். கடல் தாண்டி அடிமை மாதிரிப் போனவன் வாரிசுக்குப் பாட்டன் முகம் இருக்கிறது. ஊரிலேயே கிடந்து உழைத்தவன் வாரிசுக்கு இல்லை. சேலம் ஜில்லாவிலிருந்து பெருங்கூட்டம் போனது இலங்கைத் தோட்டங்களுக்கு. அங்கே எடுத்த படங்களில் மறுபடியும் பழைய கதை: 'தமிழ்க் கூலிகள்', 'கொழுந்து பறிக்கும் பெண்கள்'.

அப்படியானால் பேர் இல்லாத படங்களை வைத்து என்ன செய்வது? நான் செய்து பார்த்த ஒன்றைச் சொல்கிறேன். இணையத்தில் கிடைக்கிற அந்தக் காலத்துப் படங்கள் சிலவற்றை வேலூரில் ஒரு ஜெராக்ஸ் கடையில் பெரிசாகப் போட்டு எடுத்து வளவுக்குக் கொண்டு போனேன். எண்பது தாண்டியவர்களாகப் பார்த்துக் கையில் கொடுத்தேன்.

ஒரு படம் கவலை இறைப்பது. இரண்டு மாடு சரிவில் இறங்குகிறது, வடக்கயிற்றின் மேல் ஒருவன் உட்கார்ந்திருக்கிறான், மேலே பறி தண்ணீரைக் கொட்டுகிறது. தலைப்பு, கிணற்றிலிருந்து நீர் இறைத்தல். படித்தவன் யாராக இருந்தாலும் மாட்டையும் ஓட்டுகிறவனையும்தான் பார்ப்பான். நானும் அதைத்தான் பார்த்தேன். வயசாளி மாடு இருக்கிற பக்கமே திரும்பவில்லை. பறியின் கீழே தொங்குகிற தோல் வாலில் விரலை வைத்தார்.

"ஏங்கண்ணு, இந்தத் தையலப் பாரு. நெருக்கிப் போட்ருக்கான். கெட்டிக்காரனுங். இது ஒரு வருசம் தாங்கும்."

"தச்சவரு படத்துல இல்லையே அப்பாரு?"

"அவன் எப்பிடி இருப்பான்? தச்சுக் குடுத்துப்போட்டு நாலு வள்ளம் தவசம் வாங்கிட்டுப் போயிருப்பான். கெணத்து மேட்டுல அவன நிக்க உடுவாங்களா?"

எத்தனையோ தடவை அந்தப் படத்தைப் பார்த்திருக்கிறேன், தையலைப் பார்க்கவில்லை. தோல் உரித்து, ஊற வைத்து, பதப்படுத்தி, தைத்துக் கொடுத்த மாதாரி இல்லாமல் கொங்கு நாட்டில் ஒரு கிணற்றிலும் தண்ணீர் மேலே வந்திருக்காது. படத்தில் அவன் ஆள் இல்லை, அவன் கை இருக்கிறது. இன்னொன்றும் உண்டு. பிற்காலத்தில் வந்த உலர் தகட்டின் மேல் பூசியது ஜெலட்டின்; மாட்டுத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுப்பது. தீட்டு என்று ஒதுக்கிய பொருள்தான் ஜமீன்தார் முகத்தைத் தாங்கிக்கொண்டு நின்றது.

பஞ்சப் படத்தை ஒரு பாட்டியிடம் கொடுக்கத் தயக்கமாகத்தான் இருந்தது. அவர் அழவில்லை. ரொம்ப நேரம் பார்த்துவிட்டு, நடுவில் உட்கார்ந்திருக்கிற ஒருத்தியின் காதைக் காட்டினார். "ஓட்டை இம்புட்டுப் பெருசா தொங்குது, உள்ள ஒண்ணுமில்ல பாரு சாமி. நகை போட்டு வளத்த காது. வித்துத் தின்னுருக்கா. அதும் தீந்த பொறவுதான் இங்க வந்து உக்காந்துருக்கா." ஹூப்பரின் தலைப்பில் அவள் நிவாரணத்துக்குத் தகுதியானவள். பாட்டி பார்த்ததில் அவளுக்கு ஒரு வீடு இருந்தது, காதில் போட ஏதோ இருந்தது, கடைசி வரை தாக்குப்பிடித்துப் பார்த்த ஒரு கணக்கு இருந்தது. எந்த அரசாங்க ரிப்போர்ட்டையும் விட எனக்கு இது பெரிய சாட்சி.

நாமாக விரும்பி, நாம் நின்ற விதத்தில் எடுத்த படங்கள் வந்தது ரொம்பப் பின்னால். இரட்டைமலை சீனிவாசன் 'பறையன்' பத்திரிகை ஆரம்பித்தது 1893. எழுத்தில் நம் குரல் அப்போதே வந்துவிட்டது. படத்தில் அவரும் அம்பேத்கரும் லண்டன் வட்டமேசை மாநாட்டில் கோட்டுப் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்க 1930 ஆக வேண்டியிருந்தது. அந்தப் படத்துக்குக் கீழே பேர் இருக்கிறது.

இப்போது நானும் இரண்டு மாணவர்களும் சேர்ந்து, பெரியவர்கள் சொல்லச் சொல்லப் படங்களின் பின்பக்கத்தில் பென்சிலால் எழுதி வருகிறோம். தையல், காது, சேலைக்கட்டு, கையில் பிடித்திருக்கிற மண்வெட்டியின் தினுசு, எந்த வேலைக்காரன் எந்தப் பக்கம் தள்ளி நிற்கிறான், எவன் செருப்பைக் கழட்டிக் கையில் வைத்திருக்கிறான் – எல்லாம். சொன்னவர் பேரையும் அவர் சம்மதத்தோடு கீழே எழுதுகிறோம். பதினேழு படம் முடிந்திருக்கிறது. பறி தைக்கத் தெரிந்தவர்கள் எங்கள் பக்கம் இன்னும் இரண்டு பேர்தான். ஒருவருக்குக் கண் மங்கிவிட்டது. இன்னொருவர் மகள் வீட்டில் மோகனூரில் இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை படங்களை எடுத்துக்கொண்டு போகிறோம்.